பதினோராவது பாயிண்ட்

அக்டோபர் 12, வெள்ளி

மறுபடியும் பெல்டன். அதே ஊர், அதே நூலகத்துக்கு எதிரில், அதே மரத்தடியில் ஒளிந்திருந்த அதே போலீஸ் கார். போன நவம்பரில் மாட்டினதும் இங்கேதான். எண்பது மைல் பாதையில் எத்தனையோ ஊர் இருக்கிறது, எனக்கென்று இந்த ஒரு மைல் நீள ஊரை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். மணிக்கு ஐம்பத்தைந்து மைலில் ஓடிவருகிற சாலை திடீரென்று முப்பதாகிவிடுகிறது. எதற்கு? ஒரு நூலகம், ஒரு தீயணைப்பு நிலையம், வாசலில் பூசணிக்காய் அடுக்கின நாலு வீடு. இதற்கா?

"எவ்வளவு வேகத்துல வந்தீங்கன்னு தெரியுமா மேடம்?"

"தெரியாது." தெரியும்.

"ஐம்பத்திரண்டு."

சின்ன வயசு. சட்டையில் லுண்ட் என்று பெயர். பேசும்போது கீழ் ஈறு வீங்கியிருப்பது தெரிந்தது. பல் ஆஸ்பத்திரியில் தினம் எட்டுப் பேர் வாயைச் சுத்தம் செய்கிறவளுக்கு வேறு எதில் கண் போகும்? அந்த ஒரு அபராத டிக்கெட்டை எழுத அவனுக்குப் பதினெட்டு நிமிஷம்! முதல் வகுப்புப் பிள்ளை கோடு போட்ட நோட்டில் எழுதுகிற மாதிரி எழுதினான்.

க்ளிஃப் வீட்டு வாசலில் நிறுத்தும்போது ஆறு முப்பத்திமூன்று, ஆறு மணிக்கே போயிருக்க வேண்டியது. படியில் நின்றுகொண்டிருந்தான். நிற்காமல் இருப்பானா? கடிகாரத்தைப் பார்த்தான். "ஆறு முப்பத்திமூணு" என்றான், அவ்வளவுதான். சட்டைப்பையிலிருந்து அந்தச் சின்ன நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டான். தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் மணிக்கொரு தரம் அளவு பார்த்துக் குறிக்கிற வேலை அவனுக்கு. கல்யாணம் முறிந்து இரண்டு வருஷமாகியும் என்னை இன்னும் அளந்து குறித்துக்கொண்டுதான் இருக்கிறான்.

ஹேட்டி கழுத்துவரை பித்தான் போட்ட கோட்டோடு உள்படியில் உட்கார்ந்திருந்தாள். என் பத்து வயசு மகளுக்கு இவ்வளவு அமைதி எங்கிருந்து வந்தது?

அக்டோபர் 14, ஞாயிறு

ஹேட்டியைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாயிற்று. பெல்டனை இருபத்தொன்பதில் கடந்தேன். இன்றைக்கு அந்த மரத்தடியில் ஒரு ஈ காக்காய் இல்லை.

உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். போன நவம்பர் டிக்கெட்டுக்கு லைசென்ஸில் நாலு குற்றப் பாயிண்ட். ஏப்ரலில் சிவப்பு விளக்கில் நின்றபடி போனைத் தொட்டதற்கு ஐந்து. (யாருக்கு எழுதினேன்? க்ளிஃபுக்கு. என்ன எழுதினேன்? 'கொஞ்சம் லேட்டாகும்'. லேட்டாகும் என்று சொல்லப்போய் இன்னும் லேட்டாகி, ஐந்து பாயிண்டும் வாங்கினேன்.) இப்போது ஆறு. மொத்தம் பதினைந்து. பதினெட்டு மாசத்துக்குள் பதினொன்று சேர்ந்தால் லைசென்ஸ் போய்விடும். பாதுகாப்பாக ஓட்டும் வகுப்பில் ஆறு மணிநேரம் உட்கார்ந்தால் நாலு கழிப்பார்கள்.

பதினைந்தில் நாலு போனால் பதினொன்று.

ஒரே ஒரு பாயிண்ட்! இரண்டு மைல் மெதுவாக வந்திருந்தால் ஆறுக்குப் பதில் நாலுதான் போட்டிருப்பான். நான் பிழைத்திருப்பேன்.

பிரிந்தபோது வேலைக்காக நகரத்துக்குப் போனது நான். அதனால் வெள்ளிக்கிழமை போய்க் கூட்டிவருவதும் ஞாயிறு கொண்டுவிடுவதும் என் பொறுப்பு. லைசென்ஸ் போனால் சனி, ஞாயிறு போயிற்று. சனி, ஞாயிறு போனால் எனக்கு மிச்சம் என்ன?

அக்டோபர் 17, புதன்

பெல்டன் ஊர்க் கோர்ட்டுக்கு நாலு தடவை போன் செய்தேன். யாரும் எடுக்கவில்லை. பதிவு செய்த குரல் சொல்கிறது: அலுவலகம் செவ்வாய்க்கிழமை மட்டும், பத்திலிருந்து பன்னிரண்டு வரை. வாரத்துக்கு இரண்டு மணிநேரம்! டிக்கெட் கொடுக்க மட்டும் ஏழு நாளும் ஆள் இருக்கிறது.

அக்டோபர் 23, செவ்வாய்

நோயாளியின் வாயில் பஞ்சை வைத்துவிட்டு, "ஒரே நிமிஷம்" என்று வெளியே ஓடிப்போய்ப் பேசினேன். மார்ஜ் என்று ஒரு குமாஸ்தா அம்மாள்.

"குற்றவாளி இல்லைன்னு டிக் பண்ணித் தபால்ல அனுப்பு கண்ணு. தேதி வரும்."

"எப்போ வரும்?"

"வரும்போது வரும் கண்ணு."

"முன்னாடியே பேசித் தீர்த்துக்க வழி இல்லையா?"

"எல்லாரும் இதைத்தான் கேக்கறாங்க" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. திரும்பி வந்தால் அந்த மனுஷர் பஞ்சைக் கடித்தபடி என்னை முறைத்துக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 27, சனி

ஆறு மணிநேர வகுப்பு சனிக்கிழமைதான் இருக்கிறதாம். ஹேட்டியோடு எனக்கிருப்பதே அந்த ஒரு முழு நாள். வேறு வழியில்லாமல் அவளையும் கூட்டிப்போனேன். படம் வரையும் நோட்டோடு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருபது குற்றவாளிகள், ஒரு குழந்தை.

பாடம் நடத்தினவர் ப்ரூயட், ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர். மேல் வரிசை முழுக்கப் பொய்ப்பல், நல்ல வேலைப்பாடு. "முப்பதுல போகவேண்டிய ஒரு மைல ஐம்பத்திரண்டுல போனா எவ்வளவு நேரம் மிச்சம்?" என்று கேட்டார். வேண்டுமென்றே என் டிக்கெட்டைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டிருக்கிறார். ஹேட்டி நோட்டின் ஓரத்தில் ஏதோ போட்டுப் பார்த்தாள்.

"ஐம்பத்தோரு செகண்டு."

வகுப்பே திரும்பிப் பார்த்தது. ப்ரூயட் கைதட்டினார். "இந்தப் பொண்ணு பாஸ். கூட வந்தவங்களப் பத்தி சாயங்காலம் பாக்கலாம்."

திரும்பி வரும்போது ஹேட்டி கேட்டாள்: "ஐம்பத்தோரு செகண்டுக்காகவா அந்த போலீஸ்காரர் உன்னைப் பிடிச்சார்?"

"ஆமா."

"அது ரொம்பக் கொஞ்சம்தானே அம்மா?"

போலீஸ்காரனைச் சொல்கிறாளா, என்னைச் சொல்கிறாளா?

நவம்பர் 9, வெள்ளி

6:11. குறித்துக்கொண்டான்.

நவம்பர் 16, வெள்ளி

முதல் பனி. 6:40. குறித்துக்கொண்டான். ஹேட்டி காருக்குள் ஏறின பிறகு ஜன்னல் பக்கம் குனிந்து, "டிக்கெட்டப் பத்தி ஹேட்டி சொன்னா. லைசென்ஸ் போச்சுன்னா இந்த ஏற்பாட்டப் பத்தி நாம பேசணும் ட்ரூடி" என்றான். குழந்தை முன்னாடி! அந்த நிதானமான குரலில்! கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.

ராத்திரி போன் செய்தான். "நான் என்ன சொல்ல வந்தேன்னா..." "உன் வக்கீல்கிட்ட சொல்லு" என்று வைத்துவிட்டேன்.

அதற்குத்தான் அந்த நோட்டு. இரண்டு வருஷமாக ஒவ்வொரு வாரமும் தேதியும் நிமிஷமும். ஒரு நாள் நீதிபதி முன்னால் நீட்டி, 'பாருங்க, இவளால ஒழுங்கா ஒரு வாரம்கூட வரமுடியல' என்று சொல்லத்தான். வேறு எதற்கு ஒரு மனுஷன் இதையெல்லாம் எழுதிவைப்பான்?

டிசம்பர் 4, செவ்வாய்

கோர்ட்டாம் கோர்ட்! பனி அள்ளும் லாரிகள் நிற்கும் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு கூடம். மடக்கு நாற்காலிகள். மூலையில் தேர்தல் பெட்டிகள், ஒரு பிங்கோ விளையாட்டுப் பலகை. நீதிபதி ஸ்டூப் பகலில் டிராக்டர் உதிரிபாகம் விற்கிறவர். நகத்தில் கிரீஸ் கறை. தூக்கத்தில் பல் கடிப்பவர், தாடையைப் பார்த்தாலே தெரிகிறது.

எனக்கு முன்னால் பதினாலு பேர். அரசு வக்கீல் ஒவ்வொருவரையாகச் சுவரோரம் கூப்பிட்டுக் குசுகுசுவென்று பேசுகிறார். எழுபத்தொன்றில் பறந்த ஒருத்தன் 'தவறான இடத்தில் நிறுத்தினேன்' என்று ஒப்புக்கொண்டு, ஒரு பாயிண்டும் இல்லாமல் சிரித்துக்கொண்டே போனான். எழுபத்தொரு மைல் வேகத்தில் வண்டியை நிறுத்தியிருக்கிறான்! இதற்குப் பெயர் சட்டம். அடுத்தவனும் நிறுத்தினான். அதற்கடுத்த கிழவியும் நிறுத்தினாள். அந்தக் கூடத்தில் இருந்த யாருமே பெல்டனில் வண்டி ஓட்டியிருக்கவில்லை.

சரி, நானும் நிறுத்திவிட்டுப் போகிறேன் என்று ஆசையோடு சுவரோரம் போனேன். வக்கீல் என் காகிதத்தைப் புரட்டினார்.

"ஒரே ஊர், ஒரே இடம், ரெண்டாவது தடவை. இதை மாத்த முடியாதும்மா."

"எழுபத்தொண்ணுல வந்தவருக்கு மாத்தினீங்களே?"

"அவருக்கு முதல் தடவை. ஊருக்கு வெளியில. நீங்க நூலகத்து முன்னாடி."

அப்படியென்றால் விசாரணை கேட்கிறேன் என்றேன். லுண்ட் இன்று விடுமுறையாம். டிசம்பர் 18க்கு ஒத்திவைத்தார்கள். இதற்காக அரை நாள் சம்பளம் இல்லாமல் லீவு.

டிசம்பர் 18, செவ்வாய்

பதினாறு அங்குலப் பனி. வழியில் மார்ஜ் போன் செய்தாள்: "இன்னிக்குக் கோர்ட் இல்ல கண்ணு, வீட்டுக்குப் போயிடு. ஜனவரி பதினஞ்சு." பனியில் நாற்பது மைல் வந்தது வீண்!

ஜனவரி 6, ஞாயிறு

ரேடார் கருவியைப் பற்றி எவ்வளவு படிக்க முடியுமோ படித்துவிட்டேன். கடைசியாக எப்போது சோதித்தீர்கள், எந்தக் கோணத்தில் பிடித்தீர்கள், குறுக்கே வேறு வண்டி இருந்ததா என்று மூன்று பக்கம் கேள்வி. அந்த வீங்கின ஈறுப் பையன் திணறுவதைப் பார்க்கவேண்டும்.

ஜனவரி 15, செவ்வாய்

எப்படி எழுதுவது?

லுண்ட் வந்திருந்தான். தன் குறிப்பை எடுத்து வாசித்தான். தேதி, நேரம், வேகம், வானிலை. எல்லாம் எதிர்பார்த்ததுதான். நான் பேனாவும் கையுமாகத் தயாராக இருந்தேன். அப்புறம் அதே குரலில் இன்னொரு வரி: "நூலகத்துக்கு முன்னாடி, குழந்தை வண்டியோட ஒரு பெண் ரோட்டைக் கடக்க இறங்கினாங்க. கார் வர வேகத்தப் பாத்து வண்டியப் பின்னாடி இழுத்துக்கிட்டு நடைபாதைக்கு ஏறிட்டாங்க."

"யாரும் இல்லையே" என்றேன். சத்தமாக.

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். முகத்தில் கோபம் இல்லை. "நீங்க பாக்கலையா மேடம்? நீல வண்டி. நான் அதப் பாத்துட்டுத்தான் உங்கள நிறுத்தினேன்."

யோசித்துப் பார்க்கிறேன், இப்போதும். மரம் ஞாபகம் இருக்கிறது. போலீஸ் கார் ஞாபகம் இருக்கிறது. பூசணிக்காய்கள் ஞாபகம் இருக்கிறது. டாஷ்போர்டு கடிகாரத்தில் 5:41 என்று இருந்தது ஞாபகம் இருக்கிறது. அந்தப் பெண் இல்லை. நீல வண்டி இல்லை. எங்கே தேடினாலும் இல்லை.

மூன்று பக்கத்தையும் மடித்துப் பைக்குள் வைத்தேன். கேள்வி ஏதும் உண்டா என்று ஸ்டூப் கேட்டார். இல்லை என்றேன்.

"அப்படி என்னம்மா அவசரம்?"

"வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குள்ள என் பொண்ணைக் கூப்பிடப் போகணும். குடும்பக் கோர்ட் உத்தரவு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எந்தக் கோர்ட்டும்மா நிமிஷக் கணக்கா எழுதும்? இந்த ரோட்டுல, இந்தப் பனியில? எனக்கு அது ஆச்சரியமா இருக்கு." அப்புறம், "குற்றம் நிரூபணம். ஆறு பாயிண்ட்" என்றார்.

கார் நிறுத்துமிடத்தில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். லைசென்ஸுக்காக இல்லை.

ஜனவரி 16, புதன்

உத்தரவைத் தேடி எடுத்தேன். அலமாரியின் அடியில், உறையிலேயே இருந்தது. கையெழுத்துப் போட்ட நாளுக்குப் பிறகு நான் இதைப் பிரிக்கவே இல்லை.

'வெள்ளிக்கிழமை தாயின் வேலை முடிந்தபின், நியாயமான நேரத்தில்.'

நாலு தடவை படித்தேன். ஆறு மணி எங்கேயும் இல்லை. எங்கேயும்! இரண்டு வருஷமாக நான் பறந்தது, மூன்று டிக்கெட், அந்த நீல வண்டி, எல்லாம் எவனோ கடிகாரத்தைத் தட்டிக் காட்டினதற்காகவா? வெள்ளிக்கிழமை வரட்டும். அவனை நான் விடப்போவதில்லை.

ஜனவரி 18, வெள்ளி

மெதுவாகப் போனேன். 6:52. படியில் நின்றான். ஹேட்டி பையெடுக்க மாடிக்குப் போனதும் காகிதத்தை அவன் மார்பில் வைத்து அழுத்தினேன்.

"ஆறு மணி எங்க இருக்கு? காட்டு. எந்த வரியில?"

அவன் படிக்கவில்லை. "பேப்பர்ல இல்ல. அது நீ சொன்னது."

"நானா? நான் எப்ப சொன்னேன்?"

"நீ போன அன்னிக்கு. இதே படியில. ஹேட்டி உன் காலப் பிடிச்சுட்டு விடமாட்டேன்னு அழுதா. 'வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு அம்மா வந்துடுவேன், நீ கடிகாரத்தயே பாத்துட்டு இரு'ன்னு சொன்ன. அவ பாத்துட்டுத்தான் இருக்கா ட்ரூடி. அஞ்சரைக்கே கோட்டப் போட்டுக்குவா. சாப்பிட மாட்டா. ஆறு அடிச்சா என் முகத்தப் பாப்பா. நான் என்ன சொல்ல?"

எனக்கு ஞாபகம் வந்தது. சொன்னேன்தான். அழுகையை நிறுத்த வாயில் வந்ததைச் சொன்னேன்.

ஆனாலும் விடவில்லை. "அப்ப இந்த நோட்டு? இது எதுக்கு? வக்கீலுக்குத்தானே?"

அவன் முகம் போன போக்கு! முதலில் புரியவே இல்லை அவனுக்கு. அப்புறம் சட்டைப்பையிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்துவிட்டான்.

"லேட்டானா அவ கேப்பா, 'அம்மா இந்தத் தடவ வரமாட்டாளா?'ன்னு. அப்ப இதக் காட்டுவேன். 'இங்க பாரு, போன வாரம் ஆறு இருபது. அதுக்கு முன்னாடி ஆறு முப்பத்திமூணு. பனி கொட்டின அன்னிக்கு ஏழே கால். எல்லா வாரமும் வந்திருக்கா, ஒரு வாரம்கூட விடல.' அவளே வரிசையா வாசிப்பா. அப்புறம்தான் அமைதியாவா."

பக்கம் பக்கமாக. ஒவ்வொரு நேரத்துக்கும் பக்கத்தில் பென்சிலில் சின்னதாக ஒரு டிக். க்ளிஃப் போட்டதில்லை அது. குழந்தைக் கை.

நோட்டை மூடினேன். "லைசென்ஸ் போச்சுன்னா பேசணும்னியே..."

"நான் ஓட்டிட்டு வந்து விடறேன்னு சொல்லத்தான். நீதான் போன வெச்சுட்ட."

"அத முதல்லயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானேடா!"

"நீ கண்ணாடிய ஏத்திட்ட" என்றான்.

இந்த ஆளை என்னதான் செய்வது? பதினோரு வருஷம் குடும்பம் நடத்தியும் முதல் வாக்கியத்திலேயே விஷயத்தைச் சொல்ல வராது. எனக்கும் இரண்டாவது வாக்கியம் வரைக்கும் காத்திருக்க வராது.

காரில் ஹேட்டியிடம் சொன்னேன்: "ஆறு மணின்னு சொன்னேன் பாரு, அது தப்பு. என்னால முடியாதத சொல்லிட்டேன். இனிமே ஏழு. இல்லன்னா ஏழரை. பனி கொட்டினா எட்டு. ஆனா வருவேன்."

"அப்ப நான் அஞ்சரைக்குச் சாப்பிடலாமா?"

"சாப்பிடலாம்."

"அப்பா வெள்ளிக்கிழம மக்ரோனி பண்ணுவார். எப்பவும் ஆறிப்போயிடும்" என்றாள்.

ஜனவரி 28, திங்கள்

கடிதம் வந்துவிட்டது. முப்பத்தொரு நாள் லைசென்ஸ் ரத்து. லைசென்ஸை உறையில் போட்டு அனுப்பினேன். பஸ்ஸில் வேலைக்குப் போனேன். இரண்டு பஸ் மாறவேண்டும். இரண்டாவது வரவே இல்லை. அரை மைல் பனியில் நடந்தேன். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். அவரும் ஒரு நோட்டு வைத்திருப்பாரோ!

பிப்ரவரி 1, வெள்ளி

க்ளிஃப் கொண்டுவந்து விட்டான். எட்டே கால். "பெல்டன்ல இருபத்தெட்டுல வந்தேன். பின்னாடி ஏழு வண்டி, ஏழும் ஹார்ன்" என்றான் பெருமையாக. பதினோரு வருஷம் இவன் பக்கத்தில் உட்கார்ந்து வந்த எரிச்சல் எல்லாம் ஞாபகம் வந்தது. காபி கொடுத்தேன். நின்றபடியே குடித்துவிட்டுப் போனான்.

பிப்ரவரி 15, வெள்ளி

மறுபடி அவன்தான். இன்றைக்கு உட்கார்ந்து குடித்தான்.

மார்ச் 8, வெள்ளி

லைசென்ஸ் கையில். பெல்டனில் இருபத்தொன்பது. அந்த நூலகம் மஞ்சள் நிறம். இரண்டு வருஷமாக வாரம் இரண்டு தடவை கடந்தும் எனக்கு அது தெரியாது. யாரும் ரோட்டைக் கடக்கவில்லை. இருந்தாலும் நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் போனேன். பின்னாடி வந்தவன் ஹார்ன் அடித்துத் தீர்த்துவிட்டான். அடித்துக்கொள்ளட்டும்.

ஏப்ரல் 23, செவ்வாய்

மார்ஜ் போன் செய்தாள். நான் கட்டின அபராதம் எங்கேயும் பதிவாகவில்லையாம், ரசீதை அனுப்பு கண்ணு என்கிறாள். இந்த ஊர் என்னைச் சாகும்வரை விடாது.

மே 17, வெள்ளி

நல்ல வெயில். ஏழு பத்துக்குப் போனேன். படியில் யாரும் இல்லை. கதவைத் தட்டினேன், திறக்கவில்லை. க்ளிஃப் கொல்லைப்புறத்தில் புல்வெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். "ஹேட்டி எங்க?" என்றேன். "பக்கத்து வீட்ல" என்றான், தலையைத் தூக்காமல்.

வேலிக்கு அந்தப் பக்கம் ட்ராம்போலினில் இரண்டு பெண்கள் குதித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்று என்னுடையது. தலை கலைந்து, ஒரு சாக்ஸ் இல்லாமல், தொண்டை கிழியக் கத்திக்கொண்டு. மூன்று தடவை கூப்பிட்ட பிறகுதான் திரும்பினாள்.

"அம்மா? இன்னிக்கு வெள்ளிக்கிழமையா?"

"ஆமாடி, வெள்ளிக்கிழமைதான்! எண்பது மைல் ஓட்டிட்டு வந்திருக்கேன். பையக்கூட எடுத்து வைக்கலயா நீ?"

"பத்து நிமிஷம்மா, ப்ளீஸ்!" என்று மறுபடி குதிக்க ஆரம்பித்துவிட்டாள்.

பத்து நிமிஷம் அரை மணியாயிற்று. படியில் உட்கார்ந்திருந்தேன்.